நிரல்மொழித் தரநிலைகளும் காப்புரிமை வில்லங்கங்களும்: மொழியையும் தளத்தையும் தேர்ந்தெடுக்கும் முன் செய்ய வேண்டிய ஆய்வு

ஒரு நிரல்மொழிக்கு ஐஎஸ்ஓ, எக்மா போன்ற சர்வதேசத் தரநிலை அமைப்புகளின் எண் கிடைத்துவிட்டால், அதை யார் வேண்டுமானாலும் தடையின்றிச் செயலாக்கலாம் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். கட்டட வரைபடத்துக்கு அனுமதி கிடைத்திருப்பது, நிலத்தின் மீது வில்லங்கம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. தரநிலையும் அப்படித்தான். அந்த மொழியில் எழுதப்பட்ட நிரல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டுமே அது வரையறுக்கிறது. அந்த நடத்தையைச் சாத்தியமாக்கும் உத்திகளுக்கு யார் உரிமை கொண்டாடுகிறார்கள், அவர்கள் எந்த நிபந்தனையில் சும்மா இருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் வேறு ஆவணங்களில் இருக்கும். சில சமயம் எந்த ஆவணத்திலும் இருக்காது.

நீண்ட காலம் விற்பனையில் இருக்கப்போகும் ஒரு மென்பொருளுக்குத் தளம் தேர்ந்தெடுப்பவர்கள், ஏற்கெனவே இருக்கும் மொழிக்குப் புதிய தொகுப்பியோ (நிரலை இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றும் கம்பைலர்) ரன்டைமோ (நிரலை இயக்கும் சூழல்) எழுதுபவர்கள், தங்கள் மொழியைத் தரநிலை அமைப்பிடம் கொண்டுசெல்ல நினைப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது மாற்றாகாது. ஆனால் அவர் எதிரே உட்காரும்போது எந்தத் தாள்களோடு, எந்தக் கேள்விகளோடு உட்கார வேண்டும் என்பதை இது சொல்லும்.

படி 1: எந்த உரிமை என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

காப்புரிமை (பேட்டன்ட்), பதிப்புரிமை (காப்பிரைட்), வணிகக்குறி (டிரேட்மார்க்) ஆகிய மூன்றும் ஒரே மொழியின் மீது ஒரே நேரத்தில் படிந்திருக்கலாம். ஒன்றிலிருந்து விடுபட்டுவிட்டால் மற்றவற்றிலிருந்தும் விடுபட்டதாகாது. பதிப்புரிமை, எழுதப்பட்ட வடிவத்தைக் காக்கிறது. பிறர் நிரலைப் பார்க்காமல் நீங்களே முதலிலிருந்து எழுதியிருந்தால் அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் நிற்காது. காப்புரிமையில் அந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. அது செயல்முறையைக் காப்பதால், அப்படியொரு காப்புரிமை இருப்பதே தெரியாமல் நீங்களே யோசித்துக் கண்டுபிடித்திருந்தாலும் மீறல் மீறல்தான். ஒரு வரியைக்கூட நகலெடுக்கவில்லை என்ற வாதம் அங்கே எடுபடாது.

இந்த வேறுபாடு நடைமுறையில் எப்படி விளையாடும் என்பதற்கு ஆரக்கிள் நிறுவனம் 2010 ஆகஸ்டில் கூகுள் மீது தொடுத்த ஜாவா நிரல்மொழி பற்றிய வழக்கைப் பாருங்கள். வழக்கு தொடங்கியபோது அதில் ஏழு காப்புரிமைகளும் பதிப்புரிமைக் குற்றச்சாட்டும் சேர்ந்தே இருந்தன. காப்புரிமைப் பகுதி, 2012 மே மாதம் மீறல் இல்லை என்ற நடுவர் குழுவின் முடிவோடு அடங்கிவிட்டது. நிரல்கள் ஜாவாவின் ஆயத்த வசதிகளை அழைக்க உதவும் 37 ஏபிஐ தொகுப்புகளைப் பற்றிய பதிப்புரிமைப் பகுதியோ மேலும் ஒன்பது ஆண்டுகள் இழுத்தது. ஏறத்தாழ 11,500 வரிகளை எடுத்தாண்டது நியாயமான பயன்பாடே, அதாவது அனுமதி தேவையில்லாததே, என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 5 அன்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்த பிறகே ஓய்ந்தது. எல்லோரும் பயந்த இடம் ஒன்று, அடி விழுந்த இடம் வேறு. ஐரோப்பாவில் நிலைமை இன்னும் தெளிவு: நிரலின் செயல்பாடும் நிரல்மொழியும் பதிப்புரிமைக்குள் வருவதில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012 இல், எஸ்ஏஎஸ் நிறுவனம் தொடர்பான வழக்கில் கூறிவிட்டது.

வணிகக்குறியால் நிரல் நின்றுபோகாது, பெயர்தான் போகும். ஜாவாஸ்கிரிப்டின் தரநிலை ‘எக்மாஸ்கிரிப்ட்’ என்ற, யாருக்கும் வாயில் நுழையாத பெயரில் வெளிவந்ததற்கு, முன்னதன் பெயர், ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸின் வணிகக்குறியாக இருந்ததே காரணம்.

படி 2: தளத்தை அடுக்குகளாகப் பிரித்து எழுதுங்கள்

மொழி என்று நாம் ஒற்றைச் சொல்லில் குறிப்பிடுவதற்குள் குறைந்தது ஐந்து அடுக்குகள் இருக்கின்றன: இலக்கணமும் அதன் பொருள் வரையறையும், தொகுப்பி உண்டாக்கும் இடைநிலைக் குறியீடும் அதை இயக்கும் மெய்நிகர் இயந்திரம் என்ற மென்பொருளும், அடிப்படை லைப்ரரி (ஆயத்த நிரல்களின் தொகுப்பு), அதற்கு மேல் அமைந்த வலை, தரவுத்தள, திரை இடைமுக லைப்ரரிகள், கடைசியாக, ஜிட் தொகுப்பு (ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றுவது), குப்பை சேகரிப்பு (பயன் முடிந்த நினைவகத்தை மீட்பது) போன்ற, எந்தத் தரநிலையும் கட்டாயப்படுத்தாத செயலாக்க உத்திகள். இலக்கணத்தின் மீது காப்புரிமைத் தொல்லை வருவது அரிது. தொல்லைகள் பெரும்பாலும் இரண்டாம், நான்காம், ஐந்தாம் அடுக்குகளிலிருந்தே கிளம்புகின்றன. தரநிலையோ பெரும்பாலும் முதல் மூன்றைத்தான் தொடுகிறது.

சி ஷார்ப் மொழியின் வரலாறு இதற்குப் பாடப்புத்தகம் போன்றது. மைக்ரோசாஃப்ட், இன்டெல், ஹியூலெட்-பேக்கார்டு ஆகிய மூன்று நிறுவனங்களும் 2000 இல் எக்மாவிடம் அதைக் கொண்டுசென்றன. 2001 டிசம்பரில் மொழி எக்மா-334 ஆகவும், அதன் அடித்தளமான பொது மொழிக் கட்டமைப்பு எக்மா-335 ஆகவும் ஏற்கப்பட்டன. 2003 இல் அவை ஐஎஸ்ஓ/ஐஇசி 23270, 23271 என்ற எண்களைப் பெற்றன. ஆனால் அன்றாடம் மைக்ரோசாஃப்டின் டாட் நெட் தளத்தில் வேலை செய்தவர்கள் புழங்கிய விண்டோஸ் ஃபார்ம்ஸ், ஏஎஸ்பி டாட் நெட், ஏடிஓ டாட் நெட் ஆகியவை இந்தத் தரநிலைகளுக்கு வெளியேதான் இருந்தன. டாட் நெட்டுக்குக் கட்டற்ற (யாரும் மாற்றிப் பகிரக்கூடிய) மாற்றாக உருவான மோனோ திட்டம் இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொடுத்துவந்தது. தரநிலைக்கு உட்பட்ட பகுதியையும் உட்படாத பகுதியையும் இரண்டு தனித்தனி மூல நிரல் தொகுப்புகளாகப் பிரிக்கப்போவதாக அதன் தலைவர் மிகுவேல் டி இகாசா 2009 ஜூலையில் அறிவித்தார். இந்தப் பிரிப்பை முதல் நாளிலேயே செய்திருந்தால் பாதிச் சர்ச்சை எழுந்திருக்காது என்பது என் கருத்து.

பதிப்பு என்ற இன்னொரு பரிமாணமும் உண்டு, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எக்மா-334 இன் நான்காம் பதிப்பு 2006 ஜூனில் வந்தது. அது சி ஷார்ப் 2.0 ஐ விவரித்தது. அடுத்த பதிப்பு 2017 டிசம்பரில்தான் வந்தது. அது சி ஷார்ப் 5.0 ஐ விவரித்தது. 2007 இல் சி ஷார்ப் 3.0 உடன் வந்து, நிரலாளர்கள் எழுதும் பாணியையே மாற்றிய லிங்க் வினவல் வசதி, அப்படியானால் பத்து ஆண்டுகள் தரநிலைக்கு வெளியே நின்றிருக்கிறது. ‘சி ஷார்ப் தரப்படுத்தப்பட்ட மொழி’ என்ற வாக்கியம் அந்தப் பத்தாண்டுகளிலும் உண்மைதான். ஆனால் நீங்கள் எழுதிக்கொண்டிருந்த சி ஷார்ப் அதில் அடங்கவில்லை.

ஆகவே ஒரு விரிதாளைத் திறந்து, உங்கள் மென்பொருள் சார்ந்திருக்கும் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அது எந்த அடுக்கு, எந்தத் தரநிலையின் எந்தப் பதிப்பு, எந்தப் பிரிவு எண், அங்கே அது கட்டாயமா விருப்பத்துக்குரியதா என்று நிரப்புங்கள். பிரிவு எண் எழுத முடியாத வரிகளை நிறமிட்டு வையுங்கள். பின்வரும் படிகளில் நேரம் செலவாகப்போவது அந்த வரிகளில்தான்.

படி 3: தரநிலை அமைப்பின் காப்புரிமைக் கொள்கையைப் படியுங்கள்

எல்லாத் தரநிலை அமைப்புகளும் ஒரே விதியைப் பின்பற்றுவதில்லை. ஐஎஸ்ஓ, மின்துறைத் தரநிலைகளுக்கான ஐஇசி, தொலைத்தொடர்புக்கான ஐடியு ஆகிய மூன்றுக்கும் 2007 முதல் பொதுவான காப்புரிமைக் கொள்கை இருக்கிறது. தரநிலைக்கு இன்றியமையாத காப்புரிமை வைத்திருப்பவர் நிரப்ப வேண்டிய அறிவிப்புப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். கட்டணமின்றி எல்லோருக்கும் உரிமம் தருவேன் என்பது முதல் கட்டம். நியாயமான, பாகுபாடற்ற நிபந்தனைகளில் தருவேன் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் நான் தயாரில்லை என்பது மூன்றாவது. அதில் குறியிடுபவரிடம் காப்புரிமை எண், பாதிக்கப்படும் பகுதி முதலிய விவரங்கள் வலியுறுத்திக் கேட்கப்படும். அறிவிப்புகள் உண்மையா, அந்தக் காப்புரிமை செல்லுமா, உண்மையிலேயே இன்றியமையாததா என்பதை இந்த அமைப்புகள் ஆராய்வதில்லை. உரிமப் பேரங்களிலும் தலையிடுவதில்லை. அறிவிப்புகளின் தரவுத்தளம் பொதுவில் இருப்பதால், உங்கள் தரநிலை எண்ணைக் கொண்டு அதில் தேடி, எந்தக் கட்டம் குறியிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது கட்டம் கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும், கட்டற்ற மென்பொருளுக்கு அது பெரும்பாலும் மூடிய கதவுதான். ‘நியாயமான கட்டணம்’ ஒரு பிரதிக்கு இவ்வளவு என்று வந்தால், பிரதிகளை எண்ணவே முடியாத ஒரு திட்டம் எதைக் கட்டும்? வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004 பிப்ரவரியில் ராயல்டி இல்லாத கொள்கைக்கு மாறியதற்கு இந்தச் சிக்கலே காரணம். எக்மாவின் அடிப்படை விதி நியாயமான, பாகுபாடற்ற நிபந்தனைகளையே கேட்கிறது. ஆனால் ஜாவாஸ்கிரிப்டைக் கவனிக்கும் டிசி39 குழு அதன் ராயல்டி இல்லாக் கொள்கையின் கீழ் இயங்குகிறது. எனவே ‘எக்மா தரநிலை’ என்று அறிந்தால் மட்டும் போதாது, எந்தக் குழு, எந்தக் கொள்கை என்றும் கேட்க வேண்டும். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்போ தெரிந்த காப்புரிமைகளை வெளிப்படுத்தச் சொல்கிறதே தவிர, குறிப்பிட்ட உரிம நிபந்தனையைக் கட்டாயப்படுத்துவதில்லை.

இந்தக் கொள்கைகள் அனைத்துக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு: குழுவில் உட்கார்ந்தவர்களை மட்டுமே அவை கட்டுப்படுத்தும். வெளியே நிற்பவர் வெளியேதான் நிற்கிறார். வாங் லேபாரட்டரீஸ் என்ற கணினி நிறுவனத்தின் காப்புரிமைகளை விலைக்கு வாங்கிய கோடாக் நிறுவனம், ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் மீதே வழக்குத் தொடுத்தது. 2004 அக்டோபரில் நடுவர் குழு கோடாக்கின் பக்கம் நின்றது. சில நாள்களில் சன் 9.2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. புகைப்படச் சுருள் விற்ற நிறுவனம் நிரல்மொழித் தளத்தின் மீது உரிமை கோரும் என்று எந்தக் குழுவின் கொள்கையாலும் முன்னுணர்ந்திருக்க முடியாது.

படி 4: வாக்குறுதியைச் சொல் சொல்லாகப் பிரியுங்கள்

தரநிலை அமைப்பின் கொள்கைக்கு மேல், நிறுவனங்கள் தாமாகவே வெளியிடும் ‘வழக்குத் தொடுக்க மாட்டோம்’ என்ற வாக்குறுதிகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2006 செப்டம்பரில் திறந்த விவரக்குறிப்பு வாக்குறுதியை வெளியிட்டது. பின்னர் வந்த சமூக வாக்குறுதியின் கீழ் எக்மா-334, 335 ஆகிய இரண்டையும் 2009 ஜூலையில் கொண்டுவந்தது. தலைப்பைப் படித்துவிட்டு நிம்மதி அடைவதும், தலைப்பைப் படித்துவிட்டுச் சந்தேகப்படுவதும் ஒரே தவறுதான். பின்வரும் கேள்விகளை வாக்குறுதியின் வரிகளோடு ஒட்டவைத்துப் பாருங்கள்.

எந்தக் காப்புரிமைகள்? காப்புரிமை ஆவணம் எதன் மீது உரிமை கேட்கிறது என்று சொல்லும் எண்ணிட்ட கூற்றுகளே கோரல்கள். பெரும்பாலான வாக்குறுதிகள் ‘இன்றியமையாத கோரல்களை’ மட்டுமே உள்ளடக்குகின்றன. அதாவது, தரநிலையின் கட்டாயப் பகுதியைச் செயலாக்கும்போது மீறாமல் இருக்கவே முடியாத கோரல்கள். விவரக்குறிப்பு கடந்து போகையில் குறிப்பிடும் பிற தொழில்நுட்பங்கள் அதில் வராது. ஒரு வேலையைச் செய்ய இரண்டு வழிகள் இருந்து, வேகமான வழிக்கு மட்டும் காப்புரிமை இருந்தால், அது இன்றியமையாததாகக் கருதப்படாமல் போகலாம். நீங்கள் நிச்சயம் வேகமான வழியைத்தான் எடுத்திருப்பீர்கள். ஐந்தாம் அடுக்கைத் தனியாக எழுதச் சொன்னது இதற்காகவே. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2009 ஜூலையிலேயே சமூக வாக்குறுதியைப் பற்றி எழுப்பிய ஆட்சேபங்களில் இந்த இன்றியமையாமைச் சிக்கலும், தரநிலைக்கு வெளியே உள்ள லைப்ரரிகளின் நிலையும் முக்கியமானவை.

முழுமையாகச் செயலாக்கினால்தான் பாதுகாப்பா? ஜாவாவின் விவரக்குறிப்பு உரிமத்தில் இந்த நிபந்தனை மிகக் கூர்மையானது. விவரக்குறிப்பை முழுமையாகச் செயலாக்க வேண்டும். குறைக்கவும் கூடாது, ஜாவாவுக்கென்று ஒதுக்கிய பெயர்களின் பரப்பில் (பெயர்வெளி) கூட்டவும் கூடாது. அதிகாரபூர்வப் பொருத்தச் சோதனைத் தொகுப்பில் தேறவும் வேண்டும். அபாச்சி அறக்கட்டளை 2005 இல் தொடங்கிய ஹார்மனி என்ற கட்டற்ற ஜாவா திட்டம், அந்தச் சோதனைத் தொகுப்பைப் பயன்பாட்டுக் களத்தை (எந்த வகைக் கருவியில் ஓட்டலாம் என்பதை) கட்டுப்படுத்தாத உரிமத்தில் கேட்டது. கிடைக்கவில்லை. 2007 ஏப்ரலில் பகிரங்கக் கடிதம் எழுதியும் பலனில்லாமல், 2010 டிசம்பரில் ஜாவாவின் விவரக்குறிப்புகளை முடிவுசெய்யும் ஜாவா சமூகச் செயல்முறையின் நிர்வாகக் குழுவிலிருந்து அபாச்சி விலகியது. ஆகவே சோதனைத் தொகுப்பு யார் கையில், என்ன உரிமத்தில் இருக்கிறது என்பதும் காப்புரிமை ஆய்வின் ஒரு பகுதிதான். உங்களுக்குத் தேவை சிறு கருவிகளுக்கான சுருக்கப்பட்ட ரன்டைம் என்றால், முழுமை நிபந்தனை உள்ள வாக்குறுதி உங்களுக்குப் பயன்படாது.

யாருக்குப் பாதுகாப்பு? எழுதியவருக்கா, விநியோகிப்பவருக்கா, பயனருக்கா, அல்லது ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு மட்டுமா? 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்டும், லினக்ஸ் விற்றுவந்த நோவெல் நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தம் நோவெல் வாடிக்கையாளர்களைச் சுற்றியே அமைந்திருந்தது. அதே நிரலை வேறிடத்திலிருந்து பெற்றவருக்கு அது பொருந்தவில்லை. இப்படி ஆள் பார்த்துக் கொடுக்கும் பாதுகாப்பைத் தடுக்கும் விதிகள் 2007 ஜூனில் வந்த, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பட்டன.

எப்போது அறுந்துபோகும்? நீங்கள் அந்த நிறுவனத்தின் மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தால் வாக்குறுதி முடிந்துவிடும் என்பது வழக்கமான விதி. அதே தொழில்நுட்பம் பற்றிய வழக்குக்கு மட்டுமா, எந்தக் காப்புரிமை வழக்குக்கும் சேர்த்தா என்பதில்தான் வேறுபாடு. ஃபேஸ்புக்கின் ரியாக்ட் லைப்ரரியோடு வந்த காப்புரிமை இணைப்பு இரண்டாம் வகை. அபாச்சி அறக்கட்டளை 2017 ஜூலையில் அந்த உரிமச் சேர்க்கையைத் தன் திட்டங்களில் அனுமதிக்கப்படாத பட்டியலில் வைத்தது. செப்டம்பரில் ரியாக்ட், எம்ஐடி என்ற எளிய திறந்த உரிமத்துக்கு மாறியது.

காப்புரிமை கைமாறினால் என்ன ஆகும் என்பது கடைசிக் கேள்வி. வாங்குபவரையும் இந்த வாக்குறுதி கட்டுப்படுத்தும் என்று எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதை விரிதாளில் தனி ஆபத்தாகவே குறியுங்கள்.

படி 5: பயன்படுத்தும் செயலாக்கத்தின் உரிமத்தைப் பாருங்கள்

தரநிலை ஒன்றும் தராவிட்டாலும், நீங்கள் எடுத்துக்கொள்ளும் குறிப்பிட்ட தொகுப்பியின் உரிமம் காப்புரிமை அனுமதி தரலாம். அபாச்சி 2.0 உரிமத்தின் மூன்றாம் பிரிவிலும், ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் பதினொன்றாம் பிரிவிலும் பங்களிப்பாளர்கள் தெளிவான காப்புரிமை அனுமதி தருகிறார்கள். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்களில் ‘காப்புரிமை’ என்ற சொல்லே கிடையாது. மறைமுக அனுமதி உண்டு என்று வாதிட இடமிருக்கிறது, ஆனால் அது வாதம்தான். எம்ஐடி உரிமத்தில் வரும் திட்டத்தோடு தனிக் காப்புரிமைக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2014 நவம்பரில் டாட் நெட் கோர் எம்ஐடி உரிமத்தில் திறக்கப்பட்டபோது அதனோடு ஒரு காப்புரிமை வாக்குறுதியும் வந்தது. மோனோவைப் பற்றிப் பத்தாண்டுகள் நடந்த விவாதத்தைத் தரநிலையைவிட இந்தத் திறப்பும், 2016 இல், மோனோவை வளர்த்துவந்த ஸமாரின் நிறுவனத்தை வாங்கிய மைக்ரோசாஃப்ட் மோனோவின் ரன்டைமை எம்ஐடி உரிமத்துக்கு மாற்றியதும்தான் பெருமளவு அடக்கின.

இந்த அனுமதி அந்த நிரலுக்கும் அதிலிருந்து பிறக்கும் நிரலுக்கும் உரியது. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் புதிதாக எழுதும் இன்னொரு ரன்டைமுக்கு அது தானாக வந்து சேராது.

படி 6: கோரல்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் யார் படிப்பது என்பதை முடிவு செய்துவிட்டு

அமெரிக்காவில் தெரிந்தே மீறியதாக நிறுவப்பட்டால் இழப்பீடு மூன்று மடங்கு வரை உயரலாம். அதனால் பல நிறுவனங்கள் தங்கள் நிரலாளர்களைக் காப்புரிமை ஆவணங்களைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்கின்றன. கண்ணை மூடிக்கொள்வது உத்தியாகாது என்றாலும், ஆளாளுக்குத் தேடி மின்னஞ்சலில் ‘இது நம்முடையதைப் போலவே இருக்கிறதே’ என்று எழுதிவைப்பது அதைவிட மோசம். தேடலை வழக்கறிஞரின் வழிகாட்டுதலில், ஓரிருவர் மட்டும் செய்யட்டும்.

படிக்கும்போது தலைப்பையும் சுருக்கத்தையும் தள்ளிவிட்டு, எண்ணிட்ட கோரல்களுக்குப் போங்கள். ஒரு கோரலின் எல்லா உறுப்புகளும் உங்கள் நிரலில் இருந்தால்தான் மீறல். ஒன்று இல்லையென்றாலும் நேரடி மீறல் இல்லை. ஜாவாவின் தந்தை ஜேம்ஸ் கோஸ்லிங் பெயரில் உள்ள ஆர்இ38,104 எண் காப்புரிமை நல்ல பயிற்சி. அதன் கோரல்களில் ஒன்று, இடைநிலைக் குறியீட்டின் ஆணைகளில் குறியீட்டுப் பெயர்வழிச் சுட்டுகள் இருப்பதையும், இயக்க நேரத்தில் அவற்றுக்கு ஈடான எண்வழிச் சுட்டுகளைக் கண்டறிந்து சேமித்து, அவற்றைக் கொண்டு தரவை எடுப்பதையும் உரிமை கோருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் எந்த மெய்நிகர் இயந்திரமும் இதில் சிக்கும் போலத் தோன்றும். ஆனால் ஆண்ட்ராய்டின் டால்விக் இயந்திர ஆணைகளில் இருப்பவை வெறும் அட்டவணை எண்கள், பெயர்வழிச் சுட்டுகள் அல்ல என்று கூகுள் வாதிட்டது. நடுவர் குழு மீறல் இல்லை என்றது. ஓர் உறுப்பு, ஒரு சொல்; வழக்கு அதில் தொங்கியது.

அந்த எண்ணின் முன்னே உள்ள ‘ஆர்இ’ என்பதையும் கவனியுங்கள்: அது மறுவெளியீடு செய்யப்பட்ட காப்புரிமை. 1992 டிசம்பரில் விண்ணப்பித்து 1994 இல் பெற்ற காப்புரிமையின் கோரல்கள் பின்னர் திருத்தி வெளியிடப்பட்டன. பழைய எண்ணைப் பார்த்து முடிவெடுத்துவிட்டுப் புதிய எண்ணில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

படி 7: நாடும் காலமும்

காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. அமெரிக்காவில் உச்ச நீதிமன்றத்தின் 2014 ஆலிஸ் தீர்ப்புக்குப் பிறகு, நுண்கருத்தைக் கணினியில் ஏற்றியதாக மட்டும் சொல்லும் கோரல்கள் பல விழுந்துவிட்டன; ஆனால் ரன்டைம், தொகுப்பி உத்திகள் போன்ற தொழில்நுட்பக் கோரல்கள் அவ்வளவு எளிதில் விழுவதில்லை. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52 ஆம் உறுப்பும், இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவும் கணினி நிரலை நிரல் என்ற அளவில் விலக்குகின்றன. இரண்டிலும் தொழில்நுட்ப விளைவைக் காட்டிக் காப்புரிமை பெறுபவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் எங்கே எழுதப்படுகிறது என்பதோடு எங்கே விற்கப்படுகிறது, எங்கே இயங்குகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

காலம் உங்கள் நண்பன். பொதுவாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். 1989 இல் அமெரிக்கத் தரநிலையான சி மொழியின் அடிப்படை உத்திகள் மீது இன்று யாரும் புதிதாக உரிமை கொண்டாட முடியாது. யூனிக்ஸ் இயங்குதளம் உருவான காலத்தில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பெயரில், ஒரு நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடவிடும் செட்யூஐடி உத்திக்கே காப்புரிமை வாங்கப்பட்டு, பின்னர் பொதுமக்களுக்கென்று விட்டுக்கொடுக்கப்பட்டது என்பது ஒரு சுவையான கிளைக்கதை.

எதிர்ப்புறம், விண்ணப்பம் வெளியாகும் வரை உள்ள 18 மாத இருட்டு எப்போதும் இருக்கும். வழங்கப்பட்ட காப்புரிமையே கண்ணில் படாமல் போவதும் உண்டு; ஜிஃப் படக்கோப்பு வடிவம் அப்படிச் சிக்கியதுதான். அதன் எல்இசட்டபிள்யூ சுருக்கமுறை 1984 இல் ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. அதற்கு 1983 ஜூனிலேயே விண்ணப்பித்து, 1985 டிசம்பரில் காப்புரிமையும் கிடைத்திருந்தது தெரியாமல், காம்ப்யூசர்வ் என்ற கணினிவழிச் சேவை நிறுவனம் 1987 இல் ஜிஃப்பில் அதைப் பயன்படுத்தியது. 1994 டிசம்பரில் காப்புரிமையை வைத்திருந்த யூனிசிஸ் கட்டணம் கேட்கும் வரை உலகம் அந்த வடிவத்தில் படம் அனுப்பிக்கொண்டிருந்தது.

படி 8: மிஞ்சிய ஆபத்தை என்ன செய்வது

நிறமிட்ட வரிகளில் சில மிஞ்சத்தான் செய்யும். முதல் வழி, தொழில்நுட்பத்தையே சுற்றிப்போவது. ஜிஃப் சிக்கல் எழுந்த சில வாரங்களில் தொடங்கிய முயற்சி, 1996 அக்டோபரில் பிஎன்ஜி என்ற மாற்றுப் படவடிவம் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வெளிவந்ததில் முடிந்தது. 2009 இல் மைக்ரோசாஃப்ட், வழிகாட்டிக் கருவி விற்கும் டாம்டாம் மீது தொடுத்த வழக்கில், வட்டில் கோப்புகளை அடுக்கும் ஃபேட் கோப்பமைப்பின் நீண்ட பெயர்க் காப்புரிமைகள் இருந்தன. ஒரு கோப்புக்குக் குறுகிய பெயரையும் நீண்ட பெயரையும் சேர்த்து உருவாக்குவதே அவற்றின் மையம் என்பதால், இரண்டில் ஒன்றை மட்டும் உருவாக்கும் மாற்றம் ஒன்று லினக்ஸ் கருவுக்காக முன்வைக்கப்பட்டது. கோரலைத் துல்லியமாகப் படித்தவர்களால் மட்டுமே இவ்வளவு சிறிய திருத்தத்தோடு ஒதுங்க முடியும்.

இரண்டாவது வழி, கூட்டணி. 2005 இல் தொடங்கிய ஓபன் இன்வென்ஷன் நெட்வொர்க், ‘லினக்ஸ் சிஸ்டம்’ என்று தான் வரையறுக்கும் மென்பொருள் பட்டியலுக்குள் உறுப்பினர்கள் ஒருவர் மீது ஒருவர் வழக்குத் தொடுக்காத ஏற்பாடு. மைக்ரோசாஃப்ட் 2018 அக்டோபரில் அதில் சேர்ந்தது. உங்கள் தளம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். எதையும் தயாரிக்காமல் காப்புரிமையை வைத்து வழக்கு மட்டும் நடத்தும் நிறுவனங்கள் இப்படிப்பட்ட கூட்டணிகளில் சேருவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். விற்பனையாளரிடம் இழப்பீட்டு உறுதி கேட்பது மூன்றாவது வழி. அதன் உச்சவரம்பையும், நீங்கள் நிரலைத் திருத்தினால் உறுதி செல்லுமா என்பதையும் படித்த பிறகே அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

எதுவும் பொருந்தாத வரிகளை உங்கள் நிரலில் ஒரு மெல்லிய இடைமுகத்துக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். மாற்ற நேர்ந்தால் ஒரு தொகுதியை மாற்றினால் போதும் என்ற நிலை வேண்டும்.

படி 9: உங்கள் மொழியையே தரநிலைக்குக் கொண்டுசெல்வதானால்

முதலில் அறிவுசார் உரிமைகளைத் தீருங்கள், பிறகு இலக்கணத்தை எழுதுங்கள். சன் நிறுவனம் 1997 இல் ஜாவாவை ஐஎஸ்ஓவின் கூட்டுக்குழுவிடம் நேரடியாகச் சமர்ப்பிக்கும் தகுதி பெற்றது. பின் அதைவிட்டு 1999 இல் எக்மாவுக்குப் போய், அதே ஆண்டு டிசம்பரில் அங்கிருந்தும் விலகியது. பதிப்புரிமையும் மொழியின் கட்டுப்பாடும் கைவிட்டுப் போகுமோ என்பதே உரசலின் மையம். கட்டுப்பாட்டை விட மனமில்லாதவர்கள் முறையான தரப்படுத்தலைத் தொடங்காமலிருப்பதே நேர்மை. பைத்தானுக்கு ஐஎஸ்ஓ தரநிலை கிடையாது. அதனால் அதன் பரவல் குறையவில்லை. ரூபி மொழி ஜப்பானியத் தொழில் தரநிலையாகி, 2012 இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 30170 ஆனது. அந்தத் தரநிலை உண்மையான மொழிக்குப் பின்தங்கியே நடந்தது.

கொண்டுசெல்வது என்று முடிவானால், ராயல்டி இல்லாக் கொள்கை உள்ள குழுவைக் கேளுங்கள். பங்களிப்பாளர் ஒவ்வொருவரிடமும் எழுத்துப்பூர்வக் காப்புரிமை அனுமதியை முதல் பங்களிப்புக்கு முன்பே பெறுங்கள். சோதனைத் தொகுப்பைக் களக் கட்டுப்பாடில்லாத திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள். பகுதிச் செயலாக்கத்துக்கும் வாக்குறுதி பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். பெயரை வணிகக்குறியாக வைத்துக்கொள்வதில் தவறில்லை, பொருத்தமற்ற செயலாக்கங்களைப் பெயரால் பிரித்துக் காட்ட அது போதும்.

படி 10: கோப்பை உயிரோடு வைத்திருங்கள்

நம்பியிருக்கும் வாக்குறுதிகள், உரிமங்கள், அறிவிப்புப் படிவங்கள் ஆகியவற்றின் தேதியிட்ட நகல்களை உங்களிடமே சேமித்துவையுங்கள். வலைமுகவரியை மட்டும் குறித்துவைத்தால், பக்கம் மாறிய நாளில் கையில் ஒன்றும் இருக்காது. தரநிலையின் புதிய பதிப்பு வரும்போதும், தளத்தின் உரிமம் மாறும்போதும், நீங்கள் புதிய நாட்டில் விற்கத் தொடங்கும்போதும் விரிதாளை மறுபடி திறக்க வேண்டும். எல்லாவற்றையும்விட அவசரமாகத் திறக்க வேண்டியது, தளத்தின் உரிமையாளர் மாறும்போது. சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் வாங்கி முடித்தது 2010 ஜனவரியில். ஜாவா வழக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் தொடுக்கப்பட்டது. கைமாற்றச் செய்தி வந்த வாரத்திலேயே, நான்காம் படியின் கடைசிக் கேள்விக்கு எதிரே நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துப் பார்த்து, வழக்கறிஞருக்குத் தகவல் அனுப்புங்கள்.